பெரட்டுக்கு வந்த பதினோராம் நம்பர்

எங்கள் எஸ்டேட்டில் காலை ஏழரைக்குப் பெரட்டு. பெரட்டு என்றால் பெரிய சங்கதி ஒன்றும் இல்லை, ஆபீஸ் முன்னால் இருக்கிற சிமெண்டுக் களத்தில் வேலைக்கு வந்த சனமெல்லாம் வரிசையாக நிற்க, கண்காணி சவரிமுத்து பேர் வாசித்து, நீ பதினாலாம் காட்டுக்குக் கொழுந்தெடுக்கப் போ, நீ மருந்தடிக்கப் போ என்று பிரித்து அனுப்புவது. கூடை மாட்டிய பொம்பளைகள் வலப்பக்கம், கத்தி பிடித்த ஆம்பளைகள் இடப்பக்கம், லேட்டாக வந்து தலையைச் சொறிகிறவர்கள் நடுவில். புரட்டாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, நாலு நாள் மழை வெறித்து வெயில் முகம் காட்டிய காலையில், லேட்டாக வந்தவர்களுக்கு நடுவில் ஒரு மரமும் நின்றது.

நான் கூட்டிச் சொல்கிற ஆள் இல்லை. நாங்கள் குடியிருக்கிற எட்டாம் லைனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஆவுடையப்பன் பெண்டாட்டிக்கு வாய் நீளமே தவிர பொய் வராது என்று. ஆபீஸ் கூரையைப் போல் இரண்டு மடங்கு உயரம், முழங்கால் வரைக்கும் சேறு. முழங்கால் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் அடிமரம் தரையைத் தொடும் முன்னமே ஏழெட்டு வேராகப் பிரிந்து, கால் ஊன்றி நிற்கிற வாகு. நெஞ்சுக்கு நேரே ஒரு தகரத்தில் பதினொன்று என்று நம்பர் எழுதி ஆணி அடித்திருந்தது. ரேஷன் கடை வாசலில் யானை நின்று பார்த்த சனம் நாங்கள், பால்வாடியில் சிறுத்தை படுத்திருந்து பார்த்த சனம், மரம் வந்ததற்கெல்லாம் வேலையைப் போட்டுவிட்டு வாய் பிளக்க முடியுமா? சவரிமுத்து கடைசிப் பேர் வரைக்கும் நிதானமாக வாசித்து முடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"ஒம் பேரு லிஸ்டுல இல்லையேப்பா. தள்ளி நில்லு."

மரம் தள்ளி நின்றது. ஒரு காலைத் தூக்கி, அதை ஊன்றி, அப்புறம் அடுத்த காலைத் தூக்கி, சேற்றில் சேலையை ஒதுக்கிப் பிடித்து நடக்கிற மாதிரி வெகு பதனமாக நகர்ந்து, ஆம்பளைகள் நிற்கிற பக்கம் போய் நின்றது. அந்தப் பக்கம்தான் இடம் காலியாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். ஆனால் எங்கள் சனத்துக்கு அது போதாதா? ஒத்தையில் மலை இறங்கி வந்திருக்கிறது, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் வந்திருக்கிறது, வந்ததும் ஆம்பளை வரிசையில் நிற்கிறது, அப்போ ஆம்பளைதான் என்று களத்திலேயே தீர்ப்பாகிவிட்டது. சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் இரண்டு யூனியன்காரர்களும் வந்து ஆளுக்கொரு கொடியை அதன் கிளையில் கட்டிவிட்டுப் போனார்கள். மரம் இரண்டையும் அவிழ்க்கவில்லை, நல்ல சுபாவம்.

பெரட்டு கலைவதற்குள்ளேயே மேலேயிருந்து சுடலைமணி மூச்சு இரைக்க இறங்கி வந்தார். சுடலைமணி வனத்துறையில் வேட்டைத்தடுப்புக் காவலர், ஊத்துக்காட்டில் ஒரு தகரக் கொட்டகையில் ஒண்டியாக இருக்கிற மனுசன். வாரம் ஒரு தடவை சாமான் வாங்க இறங்குவார், இறங்கும்போதும் ஏறும்போதும் எங்கள் வாசலில் நின்று ஒரு தம்ளர் கடுங்காப்பி குடிப்பார், என் நாத்தனார் எசக்கிதான் கொண்டுபோய்க் கொடுப்பாள், அவர் குடிப்பார், தம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பார், போவார். இப்படியே ஏழு வருசம். ஏழு வருசத்தில் அந்த வாசலில் அவர் பேசிய பேச்சையெல்லாம் கூட்டினால் ஒரு தபால் கார்டு நிரம்பாது. அன்றைக்கு மட்டும், மரத்தைப் பற்றி என்பதால், வாயைத் திறந்தார்.

"இது காட்டு ஜாதிக்காய்ல ஒரு வகை. ஊத்துக்காட்டுச் சகதியில மொத்தமே பதினொண்ணுதான் நின்னுச்சு. வேற எங்கயும் இருக்கான்னு ஆபீசருக்கே தெரியல. இந்த இனத்துல ஆண் மரம் வேற, பொண்ணு மரம் வேற. பதினொண்ணும் ஆணுன்னு எழுதி வச்சிருக்காவ. பொண்ணு இல்லைன்னா இதோட இந்த வம்சம் முடிஞ்சிரும்."

"ஆணுன்னு எப்படிக் கண்டாவ?" என்றார் சவரிமுத்து.

"ஒண்ணுகூட ஒரு காய் காய்க்கல. அதனால ஆணுதான்னு எழுதிட்டாவ."

"அப்ப சரிதான். தம்பி பொண்ணு தேடி வந்திருக்காரு."

பொண்ணு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. மொத்தக் களமும் ஒரே சமயத்தில் தலையைத் திருப்பி எட்டாம் லைன் குழாயடியைப் பார்த்தது. அங்கே நிற்கிறது ஒரு மரம், அச்சு அசல் இதே மாதிரி கால் ஊன்றி நிற்கிற மரம், தேயிலை போடக் காட்டை வெட்டினபோது குழாயடிக்கு நிழலாகட்டும் என்று விட்டுவைத்தது. வருசா வருசம் மாசியில் பொடிப்பொடியாய் வெளிர் மஞ்சளில் பூவைக் கொட்டும், ஒரு காய் பிடிக்காது. மலட்டு மரம் என்றுதான் அதற்குப் பேர். போகிற வருகிறவர்கள் இரக்கப்பட்டு அதற்கு மஞ்சள் துணி கட்டிக் கட்டி, இடுப்பே தெரியாது. கொட்டுகிற பூவைச் சின்ன வயசிலிருந்து தினமும் பெருக்குகிறவள் எசக்கி, வேறு யாரும் அந்தப் பூவைத் தொட மாட்டார்கள்.

இனி எசக்கி விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அன்றைக்கு எங்கள் வீட்டுக்காரர் ஏன் களத்திலேயே சந்தோசத்தில் குதித்தார் என்று உங்களுக்கு விளங்காது. எசக்கியை ஏழு பேர் பெண் பார்த்தார்கள். ஏழு கூட்டமும் கீழேயிருந்து ஜீப் பிடித்து வந்தது, ஏழு கூட்டத்துக்கும் நான்தான் கேசரி கிண்டினேன், பஜ்ஜி போட்டேன், எசக்கி தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து தலை குனிந்து நின்றாள், நடக்கச் சொன்னார்கள் நடந்தாள், பாடத் தெரியுமா என்றார்கள் பாடினாள், தேயிலைக் கறை பிடித்த விரலைப் பார்த்தார்கள், ஆளை ஆள் பார்த்துக்கொண்டார்கள், கையைக் கழுவிவிட்டு எழுந்து ஏழு பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: வீட்டுக்குப் போயி யோசிச்சு கடுதாசி போடுதோம். ஒரு கடுதாசி வந்ததா? தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டும்போது சைக்கிளை வேகமாக மிதிக்க ஆரம்பித்தார், பாவம், அவருக்கே கூச்சம். ஏழாவது கூட்டத்தின் ஜீப் வளைவு திரும்பியதும் எசக்கி கேசரித் தட்டை முற்றத்தில் விட்டெறிந்து, எட்டாம் லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள், "இனிமே இந்த மலட்டு மரம் என்னைக்குக் காய்க்குதோ அன்னைக்குத்தான் எனக்குக் கல்யாணம். அதுவரைக்கும் எவனும் என் வாசல்ல ஜீப்ப நிறுத்தப்படாது." சாமி மேல் ஆணை வைத்துச் சொன்னாள், சொன்னவள் பன்னிரண்டு வருசம் நிம்மதியாக இருந்தாள்.

நிம்மதி அவளுக்கு, எனக்கு எங்கே? லைன் வீடு என்றால் ஒரு அறை, ஒரு அடுப்படி. நாங்கள் இரண்டு பேர், பிள்ளைகள் நாலு, நடுவில் சேலையைக் கட்டித் தடுத்து அந்தப் பக்கம் எசக்கி. அவள் மேல் எனக்குப் பிரியம் இல்லாமல் இல்லை, என் மூத்தவளுக்கு அம்மை போட்டபோது பதினோரு நாள் கண் மூடாமல் விசிறியவள் அவள்; ஆனாலும் ஒரு நாளாவது காலை நீட்டிப் படுக்க மாட்டோமா என்று இருக்கும் இல்லையா? அந்த நேரம் பார்த்துத்தான் கல்லிடைக்குறிச்சி நாறும்பூ சொல்லி அனுப்பியிருந்தார். அப்பளம் போட்டு விற்கிறவர், ஐம்பத்திரண்டு வயசு, இரண்டு பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர். ஒரு தடவை எஸ்டேட்டுக்குச் சரக்குக் கொண்டுவந்தபோது எசக்கி கொழுந்து கிள்ளுவதைப் பார்த்துவிட்டார். முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். "இந்தக் கைவேகத்துக்கு ஒரு நாளைக்கு ஆயிரம் அப்பளம் தேய்க்கலாமே" என்று எங்கள் வீட்டுக்காரரிடம் மனம் விட்டுச் சொன்னார். மரம் காய்க்கட்டும் என்று நாங்கள் அவரைத் தட்டிக் கழித்து வைத்திருந்தோம்.

இப்போது மாப்பிள்ளை மரம் தன் காலாலேயே நடந்து வந்து நிற்கிறதே, சும்மா விடுவார்களா? அன்று சாயந்திரமே பதினோராம் நம்பர் குழாயடிக்குப் போய், தண்ணீர் பிடிக்கிற குடங்களுக்குப் பின்னால் முறைப்படி வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் வேரை நனைத்துக்கொண்டு, மலட்டு மரத்துக்குப் பத்தடி தள்ளி நின்றுவிட்டது. அதோடு அசையவில்லை. விஷயம் கேள்விப்பட்டு நாறும்பூ மறுநாளே குடையோடு வந்தார், வீட்டுக்கு ஒரு கட்டு அப்பளம் கொண்டுவந்தார். உளுந்து அப்பளம், நல்ல அப்பளம், பொய் சொல்லக் கூடாது. அதற்குப் பிறகு மாசம் தவறாமல் வந்தார், எட்டாம் லைன் முழுக்க அவர் அப்பளத்தைத் தின்று அவர் பக்கம் சாய்ந்துகொண்டே வந்தது.

தை பிறந்ததும் மரங்களுக்குக் கல்யாணம். சவரிமுத்து மாதா கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்கச் சொன்னார், தடை சொல்கிறவர்கள் இருந்தால் சொல்லட்டும் என்று, ஒருத்தரும் சொல்லவில்லை. ஒன்பது வேட்டியைச் சேர்த்துத் தைத்துப் பதினோராம் நம்பரின் இடுப்பில் கட்டினோம், ஆறு சேலையை மூட்டி மலட்டு மரத்துக்குச் சுற்றினோம், லாரியில் சுமை கட்டுகிற கயிற்றை மஞ்சளில் முக்கித் தாலிக்கயிறு ஆக்கினோம். பொண்ணுக்கு நடக்க வராது என்பதால் அம்மியை அதன் வேருக்குக் கொண்டுபோனோம். மாப்பிள்ளை வீடு யார் என்று கேள்வி வந்தது, மேலேயிருந்து வந்தவர் சுடலைமணிதானே, அவரைப் பிடித்து நிறுத்தினோம். பொண்ணு வீடு எசக்கி. இரண்டு பேரும் வெற்றிலைத் தட்டு மாற்றும்போது சுடலைமணியின் தட்டிலிருந்து ஒரு பாக்கு கீழே விழுந்தது, அதை எடுக்கக் குனிந்தவர் நிமிரவே நேரமாகிவிட்டது. எசக்கி அவர் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பார்த்தேன், பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன், வாயில் அப்பளம் இருந்தது.

மாசியில் இரண்டு மரமும் பூத்தன. அன்றிலிருந்து எங்கள் லைனில் எல்லாருக்கும் கழுத்து சுளுக்கு. தண்ணீர் பிடிக்க வந்தவள் அண்ணாந்து பார்ப்பாள், பல் தேய்க்கிறவன் அண்ணாந்து பார்ப்பான், குடம் நிரம்பி வழியும், மலட்டு மரத்தில் இலைக்கு இலை தேடுவார்கள், ஒரு பிஞ்சு உண்டா என்று. பதினோராம் நம்பரை ஒருத்தரும் பார்க்கவில்லை. மாப்பிள்ளை வயிற்றை யார் பார்ப்பார்கள்?

சித்திரையில் ஒரு நாள் எசக்கி பூப் பெருக்கின துடைப்பத்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மதினி, இது காய்ச்சிட்டா என்னை அந்த அப்பளக்காரருக்குக் குடுத்துருவீங்களோ?"

"வாக்கு நீ குடுத்ததுதானட்டி."

"ஆமா, நாந்தான் குடுத்தேன்." துடைப்பத்தைத் தரையில் தட்டினாள். "காய்க்கக் கூடாதுன்னு சாமிகிட்ட கேக்கலாம்னு போனேன் மதினி. வாய் வரல. இத்தனை வருசம் இது பூவைக் கூட்டினவ நான், இதைப் போயி காய்க்காதேன்னு எப்படிச் சொல்லுவேன்? காய்க்கலைன்னா வம்சமே போயிருமின்னு அவரு வேற சொல்லுதாரு."

"எவரு?"

எசக்கி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு எழுந்து குழாயடிக்குப் போனாள். எனக்கு ஆள் யார் என்று புரிந்துபோனது. வாயைத் திறந்து ஏதாவது சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. என்னை நானே இன்றைக்கும் திட்டிக்கொள்கிறேன்.

ஆனி மாதச் சாரல். நாறும்பூ வழக்கம்போல வந்து, மழைக்கு ஒதுங்கப் பதினோராம் நம்பரின் அடியில் நின்றுகொண்டு, எதிரே மலட்டு மரத்தைக் கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் குடை மேல் என்னவோ தொப்பென்று விழுந்தது. குடை ஓட்டையானது. குனிந்து எடுத்தார், எலுமிச்சை அளவு காய், இரண்டாக வெடித்து உள்ளே ஜாதிபத்திரி வலை ரத்தச் சிவப்பில் கொட்டையைப் பின்னிக்கொண்டு இருந்தது. "காய்ச்சிருச்சு! ஏ ஆவுடையப்பா! காய்ச்சிருச்சு வே!" என்று அவர் போட்ட சத்தத்தில் லைன் மொத்தமும் கரண்டியும் கையுமாக ஓடி வந்தது. எசக்கி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாமான் வாங்க இறங்கியிருந்த சுடலைமணி தம்ளரை வைத்துவிட்டு எழுந்தார், மரத்தடிக்கு வந்து காயை வாங்கிப் பார்த்தார், மலட்டு மரத்தை அண்ணாந்து பார்த்தார், பிறகு மெதுவாகத் திரும்பித் தன் தலைக்கு மேலே பார்த்தார்.

"இந்தக் காய் அது காய்ச்சது இல்ல," என்றார். "இது காய்ச்சது."

மாப்பிள்ளைக்குக் கட்டின வேட்டிக்கு மேலே, கொத்துக் கொத்தாக, இத்தனை நாள் ஒருத்தர் கண்ணிலும் படாமல், கிளை தாங்காமல் தொங்கிக்கொண்டிருந்தன காய்கள். ஒரு இருவாச்சிப் பறவை அதில் நிதானமாக உட்கார்ந்து எல்லாருக்கும் முன்னமே சாப்பிட ஆரம்பித்திருந்தது. அப்புறம் சவரிமுத்து தொண்டையைச் செருமினார்.

"அப்ப இவரு பொண்ணு," என்று பதினோராம் நம்பரைக் காட்டினார். "இவ மாப்பிள்ளை," என்று மலட்டு மரத்தைக் காட்டினார். "அட ஆண்டவரே, பொம்பளைக்கு வேட்டியக் கட்டி, ஆம்பளைக்குத் தாலியக் கட்டி, இதுக்கு மூணு ஞாயிறு ஓலை வேற வாசிச்சிருக்கோம்."

யோசித்துப் பார்த்தால் வெட்கக்கேடு. மேலே ஆண் மரம் ஒன்றுகூடப் பக்கத்தில் இல்லாமல் காய்க்காததால் ஆம்பளை என்று எழுதினார்கள், கீழே காய்க்காததால் மலடி என்று நாங்கள் சொன்னோம். அவன் பாட்டுக்கு அத்தனை வருசம் பூத்து, ஊர் கட்டின மஞ்சள் துணியையெல்லாம் சுமந்துகொண்டு, நான் ஆம்பளைடா என்று சொல்ல வழியில்லாமல் நின்றிருக்கிறான். எசக்கிதான் முதலில் சிரித்தாள். சேலை முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு சிரித்தாள், அப்புறம் லைனே சிரித்தது, நாறும்பூவைத் தவிர.

"எந்த மரம் காய்ச்சா என்ன? காய் காய்தானே," என்றார் அவர்.

எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அவர் வாய் அந்தப் பக்கம்தான் போகப் போகிறது என்று எனக்குத் தெரியும், நாலு மாச அப்பளம் இன்னும் டப்பாவில் இருக்கிறது. என் பிள்ளைக்கு விசிறின கை கண்முன் வந்தது. போதும் என்று வந்துவிட்டது எனக்கு.

"அண்ணாச்சி, எங்க எசக்கி சாமி மேல ஆணை வச்சுச் சொன்னது இந்த மரம்," என்று மலட்டு மரத்தில் கையை வைத்து அறைந்தேன். "இது ஆம்பளை. இது சாகிற வரைக்கும் காய்க்காது. நாங்க வாக்கு மாற மாட்டோம். அப்பளம் நல்லா இருந்துச்சு."

நாறும்பூ ஓட்டைக் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார். எசக்கி குழாயடிக்குப் போய், அந்த மரத்தில் கட்டியிருந்த மஞ்சள் துணிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் போட்டாள். திரும்பிப் பார்த்தபோது சுடலைமணியைக் காணோம், தம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தது.

மறுநாள் பெரட்டில் சவரிமுத்து அவள் பேரை வாசித்தார்.

"இன்னைக்கு லீவு கண்காணி," என்றாள் எசக்கி.

"எதுக்கு?"

"மாப்பிள்ளை பாக்கப் போறேன்."

சவரிமுத்து கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "மாப்பிள்ளைதானம்மா உன்னைப் பாக்க வரணும்," என்றார், மெதுவாகத்தான் சொன்னார்.

"மேலேருந்து ஒத்தையில நடந்து வந்தது பொம்பளைதான கண்காணி? அதுக்கு யாரு லீவு குடுத்தா?"

தட்டைத் தூக்க நான் போனேன்; ஆணை என்னட்டி ஆச்சு என்று வழியில் கேட்டதற்கு, அந்தக் காய்க்கு அப்பன் நம்ம மரம்தான மதினி, அதுவும் காய்ச்ச கணக்குதான் என்றாள். வெற்றிலை, பாக்கு, சீப்புப் பழம், சீர் வரிசைக்குப் பதிலாக ஒரு கூடை நிறையப் பதினோராம் நம்பரின் காய்கள். இரண்டாவது வளைவில் திரும்பிப் பார்த்தால் பாதிப் பெரட்டு பின்னால் வருகிறது, முன்னால் சவரிமுத்து, "யானை நடமாட்டம் இருக்கு, துணைக்கு வாரோம்" என்று ஒரு சாக்கு. ஊத்துக்காட்டுச் சகதியில் மிச்சம் பத்து மரமும் பெண் வீட்டார் தோரணையில் எங்களை மேலும் கீழும் பார்த்தன. பதினொன்று நின்ற இடம் ஏழெட்டுக் குழியாகத் தண்ணீர் நிரம்பிக் கிடந்தது. எசக்கி அதைச் சுற்றி ஒவ்வொரு கொட்டையாகக் கையால் குழி பறித்துப் புதைத்தாள், நாற்பத்திமூன்று கொட்டை, சகதி முழங்கை வரைக்கும். அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு, தகரக் கொட்டகை முன்னால் கிடந்த ஒரே ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள்.

"மாப்பிள்ளைய வரச் சொல்லுங்க," என்றேன் நான்.

சுடலைமணி வந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். கையில் கடுங்காப்பி, தம்ளர் ஒன்றுதான் உண்டு அந்த வீட்டில், அது தட்டில் டகடகவென்று ஆடியது. எசக்கியிடம் நீட்டிவிட்டு, நிலைக்கதவை ஒட்டி, தலையைக் குனிந்து, பெருவிரலால் தரையைக் கீறிக்கொண்டு நின்றார். "நடக்கச் சொல்லுங்க" என்றது ஒரு குரல் பின்னாலிருந்து. "பாடத் தெரியுமா?" என்றாள் இன்னொருத்தி. எசக்கி யாரையும் லட்சியம் பண்ணாமல், அந்த ஏழு கூட்டமும் கேசரி தின்ற நிதானத்தில், சொட்டுச் சொட்டாகக் குடித்தாள். தம்ளரைத் தரையில் வைத்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"சரி," என்றாள். "வீட்டுக்குப் போயி யோசிச்சு கடுதாசி போடுதோம்."

சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தாள். அடிப்பாவி என்று முணுமுணுத்தேன். ஐந்தடி போனாள், பத்தடி போனாள், பதினோராம் நம்பர் நின்ற குழி வரைக்கும் போய்விட்டாள்.

"எசக்கி."

ஏழு வருசத்தில் அவர் அவள் பேரைச் சொன்னது அன்றைக்குத்தான். நிலைக்கதவை விட்டு வெளியே வந்திருந்தார், காலில் செருப்பில்லை.

"இங்க தபால் வராது," என்றார். "நான் வந்த நாள்லேருந்து ஒரு கடுதாசி வந்தது இல்ல. அதனால... போயிராத. இருந்து, இப்பவே சொல்லு."

எசக்கி திரும்பி வந்தாள். அதே ஸ்டூலில் உட்கார்ந்தாள். கீழே இருந்த தம்ளரை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"இன்னொரு தம்ளர் போடுங்க," என்றாள். "கருப்பட்டி பத்தல."